பலகையிலிருந்து விழுந்த பெரிய டாக்டர்

சென்ற மாதம் எங்கள் ஆஸ்பத்திரியில் புதிதாகச் சேர்ந்த இரண்டு பேர் என்னைப் பார்க்க வந்தார்கள். மாவுக்கட்டு அறையில் நான் செய்துவந்த வேலையை இப்போது அவர்கள் செய்கிறார்கள். மாவே கம்மியாகிவிட்டதாம். கண்ணாடி நாரில் செய்த புதுக் கட்டு வந்திருக்கிறது. லேசாக இருக்கிறது, நனைந்தாலும் கரைவதில்லை. நல்லதுதான். மாவு காய்ந்த நகத்தோடு இத்தனை வருஷம் சோறு சாப்பிட்ட நான் அதற்காக வருத்தப்பட மாட்டேன்.

காபி குடித்துக்கொண்டிருக்கும்போது ஒருவர் கேட்டார். "அண்ணே, உங்க சர்வீஸ்லயே ரொம்ப கஷ்டமான கேஸ் எது?"

ஏதாவது பஸ் விபத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். சக்கரம் வைத்த பலகையிலிருந்து ஒருவர் விழுந்ததுதான் என்றேன். சிரித்தார்கள். விழுந்தது யார் என்று சொன்னதும் சிரிப்பு நின்றுவிட்டது. அவர்களிடம் அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுதாக எழுதுகிறேன். நாங்கள் வேலை பார்த்தது திருவண்ணாமலையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரி. அதன் பெயர் வேண்டாம்.

என் பெயர் தணிகாசலம். கீழ்பென்னாத்தூர் பக்கத்தில் நெல்லும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போடுகிற குடும்பம். ஸ்ட்ரெச்சர் தள்ளத்தான் ஆஸ்பத்திரிக்குள் வந்தேன். பிறகு சென்னைக்கு அனுப்பிக் கட்டுப் போடும் பயிற்சி கொடுத்தார்கள். மாவுத் துணிச்சுருளைத் தண்ணீரில் சாய்வாக விட வேண்டும். குமிழி நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். இரண்டு முனையையும் உள்நோக்கி அழுத்திப் பிழிய வேண்டும், துணி முறுக்குவது போல முறுக்கக் கூடாது. கட்டின் மேல் உள்ளங்கை படலாம், விரல் நுனி படக் கூடாது. விரல் பட்ட இடம் குழியும். குழி உள்ளே தோலை அழுத்தும். பத்து நாளில் அங்கே புண். அங்கே கற்றுக்கொண்டது இவ்வளவுதான். மீதியெல்லாம் பெரிய டாக்டரிடம் கற்றது.

பெரிய டாக்டர் என்று நாங்கள் சொன்னது டாக்டர் ராமலிங்கத்தை. எலும்புப் பிரிவின் தலைவர். ஒல்லியான உடம்பு, இஸ்திரி கலையாத சட்டை. நான் சேர்ந்த காலத்திலிருந்து அவர் சிரித்து நான் பார்த்ததில்லை. கோபமும் பட மாட்டார். நோயாளியிடம் பொய் சொல்ல மாட்டார். விலகிய எலும்பை இழுத்து வைக்கும் முன்னால் மற்ற டாக்டர்கள் "வலிக்காதும்மா" என்பார்கள். இவர், "வலிக்கும். நான் மூணு எண்ற வரைக்கும் வலிக்கும். அப்புறம் கம்மியாயிடும்" என்பார். சொன்னபடி மூன்று எண்ணும்போது வேலை முடிந்திருக்கும்.

இன்னொரு பழக்கம் உண்டு. கட்டுப் போடும் முன் ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்பார். "சரியானதும் முதல்ல என்ன செய்யப் போறீங்க?" மரியாதைக்குக் கேட்பதல்ல. பதிலை வைத்துத்தான் கட்டின் கோணத்தையும், எந்த விரல் அசைய வேண்டும் என்பதையும், பிறகு செய்ய வேண்டிய பயிற்சியையும் முடிவு செய்வார். ஒரு குருக்கள், "தீபாராதனைத் தட்டைத் தூக்கணும்" என்றார். அவருக்குத் தோள்பட்டைப் பயிற்சி மறுவாரமே தொடங்கியது. பூக்கட்டும் அம்மா ஒருத்தி விரலைக் காட்டி அழுதாள். அவளுக்கு ஆள்காட்டி விரலையும் கட்டை விரலையும் வெளியே விட்டுக் கட்டச் சொன்னார்.

வலது கையை அவர் பாதுகாத்த விதம் எங்களுக்கெல்லாம் தெரியும். கதவை இடது கையால் திறப்பார். டீ டம்ளரை இடது கையில் பிடிப்பார். வலது கை ஆபரேஷனுக்கு மட்டும்தான் என்பது போல இருக்கும்.

அப்படிப்பட்டவரின் அறைக்கு ஒருநாள் வெண்ணிலா வந்தாள். அடி அண்ணாமலையில் விவசாயக் குடும்பத்துப் பெண். வயது இருபத்து நாலு இருக்கும். டவுனில் ஒரு லாட்ஜில் வரவேற்பில் உட்காரும் வேலை. இடது முன்கை எலும்பு முறிந்து வீங்கியிருந்தது. வலது கக்கத்தில் ஒரு ஹெல்மெட்டை இடுக்கிக்கொண்டிருந்தாள். பின்னால் அவள் அப்பா முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார்.

"வண்டியில விழுந்தியா?" என்று கேட்டேன்.

"ஸ்கேட்போர்டுங்க."

அவள் அப்பா பொறுக்கமாட்டாமல் ஆரம்பித்தார். "எங்க அண்ணன் நெலம், போர் வத்திப்போயி சும்மா கெடந்துச்சு. வெளிநாட்டுக்காரர் ஒருத்தர் இங்கயே தங்கிட்டாரு, அவரும் ஊருப் பசங்களும் சேந்து அதுல சிமெண்ட்ல பள்ளம் கட்டுனாங்க. தண்ணி ரொப்பறதுக்குன்னுதான் நெனச்சேன். பாத்தா, சக்கரம் வெச்ச பலகை மேல ஏறி அதுக்குள்ள சறுக்கி வெளையாடறாங்க சார். வயசுப் பொண்ணு."

டாக்டர் தன் கேள்வியைக் கேட்டார். "சரியானதும் முதல்ல என்ன செய்யப் போறே?"

"மறுபடியும் போர்டு மேல ஏறுவேன் சார்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அத்தனை வருஷத்தில் அப்படி ஒரு பதிலை நானும் கேட்டதில்லை. எந்த இடத்தில் விழுந்தார்களோ அந்த இடத்தின் பக்கமே தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்பார்கள் எங்களிடம் வருகிறவர்கள். இவள் சிரித்துக்கொண்டே சொல்கிறாள்.

"எதுக்கும்மா?" என்றார்.

"ஜாலியா இருக்கும் சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேற எதுலயும் அப்பிடி இல்ல" என்றாள்.

அடுத்த சில வாரங்களில் அதே பள்ளத்திலிருந்து இன்னும் இரண்டு பேர் வந்தார்கள், ஒருவருக்குக் கணுக்கால், ஒருவருக்குக் கழுத்துப்பட்டை எலும்பு. "இதை மூடச் சொல்லணும். நானே போய்ப் பாத்துட்டு, பஞ்சாயத்துல பேசறேன்" என்று பெரிய டாக்டர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காரை எடுத்துக்கொண்டு போனார். திங்கட்கிழமை நான் கேட்டேன். "என்ன சார், மூடறாங்களா?"

"இன்னும் ஒரு தரம் பாக்கணும்" என்றார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சே எடுக்கவில்லை. நானும் மறந்துவிட்டேன்.

சில மாதம் கழித்து, ஒரு பௌர்ணமிக்கு மறுநாள். ஞாயிற்றுக்கிழமை காலை. கிரிவலம் போய்க் கால் பிசகியவர்கள் பெஞ்சு நிறைய உட்கார்ந்திருந்தார்கள். வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. முதலில் வெண்ணிலா இறங்கினாள். ஓரமாக நின்று, உள்ளே இருப்பவர் இறங்குவதற்குக் கதவைப் பிடித்துக்கொண்டாள்.

இறங்கியவர் பெரிய டாக்டர். டீ-சர்ட். இரண்டு முழங்காலிலும் கறுப்பு உறை. தலையில் ஹெல்மெட். வலது மணிக்கட்டை இடது கையால் தாங்கிப் பிடித்திருந்தார். மணிக்கட்டு, கரண்டியைக் கவிழ்த்து வைத்தது போல வளைந்திருந்தது.

பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது. ஆரம்ப காலத்திலிருந்து தினமும் பார்க்கிற முறிவு. ஆனால் அந்தக் கையில் அதைப் பார்த்ததும் என் கையில் இருந்த வாளி நழுவிவிட்டது. தண்ணீர் வராந்தா முழுக்க ஓடியது.

அவசரப் பிரிவில் இருந்த இளம் டாக்டர், எப்படி அடிபட்டது என்று எழுதியாக வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"போர்டுல இருந்து விழுந்தேன்" என்றார் பெரிய டாக்டர்.

"நம்ம நோட்டீஸ் போர்டுங்களா சார்? ஸ்டூல் போட்டு ஏறினீங்களா?"

"ஸ்கேட்போர்டு. எழுத்துக் கூட்டிச் சொல்லணுமா?"

இளம் டாக்டர் என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

பெரிய டாக்டருக்கு அடுத்த நிலையில் இருந்தவர் டாக்டர் பர்வீன். ஆற்காட்டுக்காரர், கைதேர்ந்தவர், ஆனால் பெரிய ஆபரேஷன் எதையும் அதுவரை பெரிய டாக்டர் துணையில்லாமல் செய்ததில்லை. ஓடிவந்தவர் எக்ஸ்ரேயைப் பார்த்துவிட்டு, "சார், வேலூர் போயிடலாம். நான் போன் பண்றேன்" என்றார்.

"வேற பேஷண்டா இருந்தா என்ன செய்வீங்க?"

"இழுத்து வெச்சு, கட்டுப் போட்டு, மறு எக்ஸ்ரே எடுத்துப் பாப்பேன்."

"நான் வேற பேஷண்ட்தான். எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்க சொல்லுங்க, நான் கேக்கறேன்."

நான் பெரிய டாக்டரின் கையை முழங்கைக்கு மேலே பிடித்து என் பக்கம் இழுத்துக்கொண்டேன். பர்வீன் கட்டை விரலையும் மற்ற விரல்களையும் பற்றினார். பழக்கத்தில், "வலிக்காது சார்" என்று சொல்ல வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். "வலிக்கும். மூணு எண்றேன்" என்றார். எண்ணினார். எலும்பு நகர்ந்து உட்காரும் சத்தம் என் கைக்கு வந்தது. பெரிய டாக்டர் கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டார், அவ்வளவுதான். பஞ்சு சுற்றி, மாவுத் துணியைப் பட்டையாக மடித்து வைத்து அரைக்கட்டுப் போட்டேன். நகத்தை அழுத்தி விட்டுப் பார்த்தேன். வெளுத்து மறுபடி சிவந்தது. இரத்தம் ஓடுகிறது. எனக்குத்தான் ஓடவில்லை.

அவர் மனைவி கோமதியம்மா வந்தார். ஆஸ்பத்திரியில் எல்லோரிடமும் மெதுவாகப் பேசுகிறவர். அன்று வராந்தாவில் நின்று என்னிடம் பேசியது உள்ளே இருந்தவருக்கும் கேட்டிருக்கும்.

"தணிகாசலம், கல்யாணம் ஆன நாள்லேந்து ஒரு தண்ணிக் கொடம் தூக்கினதில்ல இந்த மனுஷன். தேங்கா ஒடச்சதில்ல. பொண்ணு பொறந்தப்போ எடது கையில வாங்குனாரு. கேட்டா, 'இந்தக் கை என்னுது இல்ல கோமதி, ஆஸ்பத்திரியுது'ன்னுவாரு. நானும் சரின்னு எல்லாத்தயும் நானே செஞ்சேன். இப்ப அந்தக் கையக் கொண்டுபோயி சிமெண்ட்ல அடிச்சிருக்காரே. என்கிட்ட ஞாயித்துக்கெழம கிரிவலப் பாதையில நடக்கப் போறேன்னு சொல்லிட்டுப் போனாரு."

உள்ளேயிருந்து குரல் வந்தது. "கைதானே ஆஸ்பத்திரியுது. கால் என்னுதுன்னு நெனச்சேன்."

கோமதியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போய் வேப்பமரத்தடியில் நின்றார்.

எட்டாம் நாள் எக்ஸ்ரேயில் எலும்பு நழுவியிருந்தது. இந்த வகை முறிவில் அப்படி ஆவதுண்டு. யார் மேலும் தப்பில்லை. இனி திறந்து தகடு வைத்துத்தான் ஆக வேண்டும். வேலூர் போகச் சொல்லி எல்லோரும் மன்றாடினோம். "பர்வீன் செய்வாங்க" என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டார்.

அந்த ஆபரேஷன்தான் நான் கண்ட கேஸ்களிலேயே கஷ்டமானது. கை மட்டும் மரத்துப்போக ஊசி போட்டிருந்தார்கள். ஆள் முழு விழிப்பில் இருந்தார். முகத்துக்கும் கைக்கும் நடுவே பச்சைத் துணி. துணிக்கு இந்தப் பக்கம், தனக்குக் கற்றுக்கொடுத்த கையைத் திறந்துவைத்துக்கொண்டு பர்வீன் நின்றார். பெரிய டாக்டர் ஒவ்வொரு கட்டத்துக்கும் ஏதாவது சொல்வார் என்று நினைத்தோம். சொன்னால் பர்வீன் தடுமாறுவார், சொல்லாவிட்டால் பயப்படுவார். பெரிய டாக்டரோ மயக்க டாக்டர் பக்கம் திரும்பி, ஸ்கேட்போர்டின் கதையைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அமெரிக்காவுல கலிபோர்னியா பக்கம், கடல்ல அலை மேல பலகையில நின்னு சறுக்குற பசங்க இருந்தாங்க. அலை வராத நாள்ல என்ன செய்யறது? பலகைக்கு அடியில சக்கரத்த மாட்டி ரோட்டுல எறங்கிட்டாங்க. அப்போ களிமண்ணச் சுட்டு செஞ்ச மாதிரி சக்கரம். ஒரு சின்னக் கல்லு பட்டா போதும், ஆளு தூரப் போய் விழுவான். ஆஸ்பத்திரியெல்லாம் ரொம்பிப்போச்சு. நம்ம மாதிரி டாக்டருங்க, இது ஆபத்து, நிறுத்துன்னாங்க. கொஞ்ச வருஷம் செத்தே போச்சு அந்த வெளையாட்டு."

பர்வீன் நரம்பை ஒதுக்கிக்கொண்டிருந்தார். பெரிய டாக்டர் கதையைத் தொடர்ந்தார்.

"அப்புறம் ஒருத்தன் பிளாஸ்டிக் மாதிரி ஒண்ணுல சக்கரம் செஞ்சான். ரோட்டப் புடிச்சுக்கிச்சு. அந்தச் சமயம் பாத்து அங்க மழை இல்ல. பணக்கார வீட்டு நீச்சல் குளமெல்லாம் காஞ்சுபோச்சு. பசங்க செவுரு ஏறிக் குதிச்சு, காஞ்ச குளத்துல எறங்கி சறுக்க ஆரம்பிச்சாங்க. போலீஸ் வந்தா ஓடறது, போனா மறுபடி எறங்கறது."

அப்போது ஒரு எலும்புத் துண்டு உட்காரவில்லை. பர்வீன் இரண்டு முறை முயன்றார். வரவில்லை. கையை எடுத்துவிட்டு நின்றார். பெரிய டாக்டர் கதையை நிறுத்தினார். இடுக்கி மாற்றும் சத்தம் நின்றுவிட்டதிலிருந்தே என்ன நடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். மயக்க டாக்டர், நர்ஸ், நான், எல்லோரும் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு கட்டளை வரும் என்று காத்திருந்தோம்.

"குளம் காஞ்சுதுன்னு சொன்னேன் இல்ல" என்று அவர் தொடர்ந்தார். "ஊரே தண்ணி இல்லேன்னு அழுவுது. இவங்க அதுக்குள்ள ஒரு சந்தோஷத்தக் கண்டுபுடிச்சாங்க. வெண்ணிலா பெரியப்பா நெலத்துல கட்டியிருக்காங்களே பள்ளம், அது அந்தக் குளத்தோட வடிவம்தான். இப்ப இதுக்கு ஒலிம்பிக்ஸ்ல மெடல் குடுக்கறாங்க."

பர்வீன் என்னைப் பார்த்தார். "அண்ணே, கைய இன்னும் கொஞ்சம் உங்க பக்கம் இழுங்க." இழுத்தேன். துண்டு உட்கார்ந்தது. தகடு ஏறியது. திருகாணிகள் ஒவ்வொன்றாக இறங்கின. தையல் போட்டு முடித்ததும் பர்வீன் முகமூடியைக்கூடக் கழற்றாமல் வெளியே போனார். அழுதார் என்று பிறகு நர்ஸ் சொன்னாள்.

கை கூடியது. ஆனால் மணிக்கட்டு முன்போல மடங்கவில்லை. பயிற்சி, வெந்நீர், எல்லாம் செய்தோம். ஒருநாள் இரண்டு கையையும் கும்பிடுவது போலச் சேர்த்துப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கம்மிதான்" என்றார். மறுநாள் நிர்வாகத்திடம் போய், பெரிய ஆபரேஷன்களை இனி பர்வீன் செய்யட்டும், நான் புறநோயாளிகளைப் பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஓய்வு பெற அவருக்கு இன்னும் சில வருஷம் இருந்தது.

எனக்குத் தாங்கவில்லை. எத்தனை பேரை நடக்க வைத்த கை. ஒரு பலகைக்காகவா? அவரிடம் கேட்கத் தைரியம் வரவில்லை. அவர் மறுபடியும் அங்கே போகிறார் என்று கேள்விப்பட்ட ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம், நானே பஸ் ஏறி அடி அண்ணாமலையில் இறங்கினேன்.

வேலியோரம் நின்றேன். வயலுக்கு நடுவே வழவழவென்று சிமெண்ட் பள்ளம், பெரிய வாணலி போல. பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள், பெண்களும் ஆண்களும். வெண்ணிலா விளிம்பிலிருந்து இறங்கி எதிர்ச் சுவரில் ஏறித் திரும்ப முயன்றாள். பலகை காலை விட்டு நழுவியது. விழுந்தாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விழுந்து முறிந்த எலும்புகளை ஆயிரக்கணக்கில் தொட்டிருக்கிறேன். ஒரு ஆள் விழுவதை அதுவரை நான் நேரில் பார்த்ததே இல்லை. கையை ஊன்றாமல், முழங்கால் உறையின் மேல் சறுக்கி, தோளை உருட்டி, அவள் அடியில் போய் உட்கார்ந்தாள். எழுந்தாள். மறுபடி ஏறினாள், மறுபடி விழுந்தாள். எத்தனை முறை என்று எண்ணவில்லை. கடைசியில் ஒருமுறை சுவர் உச்சியில் திரும்பிக் கீழே வந்து நின்றாள். சுற்றி இருந்தவர்கள் கை தட்டவில்லை. பலகைகளைத் தரையில் தட்டினார்கள். ஆஸ்பத்திரியில் நோயாளி முதல்முறை எழுந்து நடக்கும்போது சொந்தக்காரர்கள் முகத்தில் வருமே, அந்த முகம் அத்தனை பேருக்கும்.

பெரிய டாக்டர் பள்ளத்தில் இறங்கவில்லை. மேலே சமதரையில் மணிக்கட்டுக்கு உறை போட்டுக்கொண்டு, காலால் தரையை உந்தி, மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். சைக்கிள் அதைவிட வேகமாகப் போகும். ஆனால் வாயைத் திறந்து சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பல்வரிசை புதிதாக இருந்தது.

என்னைப் பார்த்ததும் இறங்கி வந்தார்.

"சார், இதுக்காகவா?" என்றேன். என் குரல் நான் நினைத்ததைவிடக் கடுமையாக வந்தது.

அவர் வருத்தப்படவில்லை. "நம்மகிட்ட வர்றவங்களுக்கு வலி போனா சிரிப்பாங்க இல்ல, தணிகாசலம்? வலி இல்லாம இருக்கறதுதான் சந்தோஷம்னு நான் இத்தன வருஷம் நெனச்சுட்டிருந்தேன். அது வேற. இது வேற. கை போனதுக்கு வருத்தம் இல்லேன்னு சொல்ல மாட்டேன். ராத்திரியில நெனப்பு வரும். ஆனா இங்க வந்ததுக்கு வருத்தம் இல்ல."

அப்போது ஒரு ஆட்டோ வந்தது. கோமதியம்மா இறங்கினார். பலகைகளின் சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. பெரிய டாக்டர் பள்ளிக்கூடத்தில் அகப்பட்ட பையன் போல ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"வீட்டுக்கு வாங்க" என்றார் அம்மா.

"வரேன்" என்றார் அவர்.

அம்மா திரும்பி நடக்கவில்லை. பள்ளத்தின் விளிம்பில் நின்று கீழே பார்த்தார். அங்கே வெண்ணிலா, என்ன செய்வதென்று தெரியாமல், பலகையை ஒரு காலால் முன்னும் பின்னும் உருட்டிக்கொண்டிருந்தாள். "நீ நிறுத்தாதம்மா, பண்ணு" என்றார் அம்மா. அவள் ஏறி, இறங்கி, எதிர்ச் சுவரில் திரும்பி வந்தாள். காற்றில் அவள் சட்டை படபடத்தது. அம்மா இன்னொரு முறை பண்ணச் சொன்னார். இன்னொரு முறை.

வெண்ணிலா மேலே வந்ததும் அம்மா கேட்டார். "ஏம்மா, இதுல பொடவையோட ஏறலாமா?"

எத்தனையோ கோரமான முறிவுகளைக் கண்டு கலங்காதவன் நான். அந்தக் கேள்விக்கு வேலியைப் பிடித்துக்கொண்டேன்.

வெண்ணிலா மட்டும் இதெல்லாம் தினமும் நடப்பது போலச் சொன்னாள். "கொசுவத்தத் தூக்கிச் சொருவிக்கிட்டா ஏறலாம்மா. செருப்பக் கழட்டிடுங்க, ஷூ தரேன்."

பெரிய டாக்டர் தன் ஹெல்மெட்டை மனைவியின் தலையில் வைத்தார். முகவாய்க்குக் கீழ் வாரை மாட்ட அவருடைய மணிக்கட்டு மடங்கவில்லை. நான் போய் மாட்டிவிட்டேன். தோல் இறுகாமல் ஒரு விரல் நுழையும் அளவு விட்டேன். அம்மா கொசுவத்தைச் செருகிக்கொண்டு, வெண்ணிலாவின் தோளைப் பிடித்துப் பலகை மேல் ஒரு காலை வைத்தார். பலகை லேசாக நகர்ந்தது. அம்மா காலை எடுக்கவில்லை.

"விழறத முதல்ல சொல்லிக் குடு" என்றார். பிறகு கணவரை ஒருமுறை பார்த்துவிட்டு, "அவருக்குச் சொல்லிக் குடுத்த மாதிரி இல்லாம, சரியா சொல்லிக் குடு."